ராஜபார்ட் கட்டுவதை பபூன் அவிழ்ப்பார்

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பங்குனித் திருவிழாவில் ஒரு ராத்திரி கட்டாயம் நாடகம் உண்டு. பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'. சின்ன வயதிலிருந்து அந்த நாடகத்தை ஒரு இருபது தடவையாவது பார்த்திருப்பேன். வள்ளிக்குத் திருமணம் நடந்ததைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. மற்ற ராத்திரிகளில் பபூன் உள்ளே போனதும் தூங்கிவிடுவேன். நான் மட்டுமில்லை, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாதி ஊரும் அப்படித்தான். மேலே முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து வள்ளியிடம் தர்க்கம் பண்ணிக்கொண்டிருப்பார். கீழே குறட்டைச் சத்தம் கேட்கும். விடியும்போது அப்பத்தா எழுப்பும். "எந்திரிடா, பாயைச் சுருட்டு. சாமியே கல்யாணத்த முடிச்சுட்டுப் போயிருச்சு."

தமிழில் வந்த நல்ல நகைச்சுவைப் படங்கள் எவை என்று நாலு பேர் உட்கார்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூக்கம்தான் ஞாபகம் வரும். பட்டியல் போடச் சொன்னால் ஆளுக்கு இருபது படம் சொல்வார்கள். அதில் பாதிப் படங்களின் கதையைக் கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார்கள். 'வின்னர்' (2003) படத்தில் கதாநாயகன் யாரோடு எதற்குச் சண்டை போட்டார் என்று எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? கைப்புள்ளயை மட்டும் எல்கேஜி படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கதை தூங்கிப்போக, காமெடி மட்டும் விழித்திருக்கிறது. இந்தப் பழக்கம் சினிமா தானாகக் கண்டுபிடித்ததில்லை. மதுரை வட்டாரத்துத் திருவிழா நோட்டீஸில் அது ஏற்கெனவே அச்சாகி இருந்தது.

அந்த நோட்டீஸை ஒரு தடவை கவனித்துப் பார்க்க வேண்டும். ராஜபார்ட் (கதாநாயக வேஷம்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்), பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் படம், தனிப் பெயர், தனி ஊர். காரணம், இதில் நடிப்பவர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஒவ்வொருவரையும் ஏஜென்ட் மூலமாகத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் வேனில் வந்து இறங்கும்போதுதான் முருகனும் வள்ளியும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நாடகம் நடந்துவிடும். இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். மதுரை நடிகர் சங்கம் இன்றும் இதை நடத்திக்கொண்டிருக்கிறது.

இதில் பபூனின் வேலை மற்றவர்களுடைய வேலையைப் போன்றதில்லை. சுவாமிகள் அவருக்கென்று எழுதிவைத்தது அதிகமில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் முதலில் மேடைக்கு வருபவர் அவர். தனியாகப் பாடுவார், பேசுவார், மிருதங்கக்காரரிடம் வம்பிழுப்பார். அப்புறம் டான்ஸ் பெண் வருவார்; இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை, பாட்டு, ஆட்டம். எல்லாம் முடிய நள்ளிரவு தாண்டும். அதற்குப் பிறகுதான் கதை. அதாவது பபூன் கதைக்கு வெளியே நிற்கிறார். ராஜபார்ட் கிரீடமும் ஜிகினாவுமாக வந்து நின்று, 'நான் யார் தெரியுமா' என்று கம்பீரமாகக் கட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே, அந்தக் கம்பீரத்தையெல்லாம் கேலி செய்து பபூன் அவிழ்த்துவிட்டிருப்பார். நடுவில் கதைக்குள்ளும் தலைகாட்டி இன்னொரு முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போவார்.

தமிழ் சினிமாவில் 'காமெடி டிராக்' என்று சொல்கிறோமே, அது இந்த ஏற்பாட்டின் நேர்வாரிசு.

சினிமாவுக்கு ஆள் அனுப்பியதில் மதுரைக்கு ஒரு தனி இடம் உண்டு. 1918-இல் சுவாமிகள் இங்கே சிறுவர்களை வைத்து 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வைத் தொடங்கினார். அதில் வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் தனியாகப் பிரிந்து ஒரு சபா வைத்தபோது அதற்கும் 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா' என்றுதான் பெயர். கம்பெனி எந்த ஊரில் கொட்டகை போட்டாலும் 'மதுரை' என்று போட்டுக்கொள்வது, ஒரு முத்திரை போல. என்.எஸ்.கிருஷ்ணன் அந்த சபாவில் தயாரானவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர்., பி.யு.சின்னப்பா, காளி என்.ரத்தினம். 1936-இல் 'சதி லீலாவதி' வந்தபோது அந்த ஒரே படத்தில் எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கே., டி.எஸ்.பாலையா மூன்று பேரும் சினிமாவுக்குள் நுழைந்தார்கள். நோட்டீஸில் போட்டால் எதிர்கால ராஜபார்ட் ஒருவர், பபூன் ஒருவர், வில்லனாகவும் பபூனாகவும் மாறி மாறி வரப்போகும் ஒருவர்.

என்.எஸ்.கே. தன் காமெடியைத் தானே எழுதிக்கொள்வார். சொந்தமாக ஒரு குழுவும் வைத்திருந்தார். படத்தின் கதையை வேறு யாரோ பார்த்துக்கொள்ள, இவர் டி.ஏ.மதுரத்தோடு வந்து தன் பங்கைத் தனியாக முடித்துக் கொடுப்பார். அந்தக் காலத்தில் பெரிய படத்தோடு ஒட்டி ஓட்டுவதற்கென்றே குட்டிக் குட்டிக் காமெடிப் படங்களும் எடுத்தார்கள். பபூன் முன்னாலே, கதை பின்னாலே என்கிற அதே கணக்கு. ஆனால் என்.எஸ்.கே. அந்தத் தனி இடத்தைச் சும்மா விடவில்லை. மூட நம்பிக்கை, சாதி, குடி எல்லாவற்றையும் அங்கே நின்று அவிழ்த்தார். கதைக்கு வெளியே நிற்பவனுக்கு இருக்கிற சுதந்திரம் கதாநாயகனுக்குக் கிடையாது.

காமெடியே படமாக வந்தவற்றில் எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது 'சபாபதி' (1941). மூலம் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். பம்மல் சென்னைக்காரர், படித்தவர்கள் பொழுதுபோக்காக நடத்திய சபா நாடகத்தின் தந்தை. நடித்தவர்களில் ஒருவர் காளி என்.ரத்தினம், மதுரைக் கம்பெனிச் சரக்கு. எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. டி.ஆர்.ராமச்சந்திரன் பணக்கார வீட்டு மக்குப் பிள்ளையாக முழியை உருட்டுவார்; ரத்தினம் சொன்னதை அட்சரம் பிசகாமல் தப்பாகச் செய்வார். ராஜபார்ட்டுக்கும் பபூனுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டால் யார் யாரை அவிழ்ப்பது? எண்பது வருஷம் கழித்துப் பார்த்தாலும் ரத்தினம் வரும் இடங்கள் பழசாகவில்லை. மற்ற இடங்கள் கொஞ்சம் பழசாகத்தான் தெரிகின்றன, மறைக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 'கல்யாண பரிசு' (1959) அழுகைப் படம். அதில் தங்கவேலு மட்டும் வேலையும் இல்லாமல், பெண்டாட்டியிடம் உண்மையும் சொல்லாமல் மன்னார் அண்ட் கம்பெனியில் உத்தியோகம் என்று உதார் விட்டுக்கொண்டிருப்பார். கதையை விட்டுவிட்டு அந்த உதாரை இன்றைக்கும் பார்க்கிறோம். 'சபாஷ் மீனா' (1958) சந்திரபாபுவின் படம். சிவாஜி கூட இருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் கதைக் கருவோடு 'உள்ளத்தை அள்ளித்தா' (1996) எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, 'காதலிக்க நேரமில்லை' (1964). இதில் காமெடி டிராக் என்று ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாது. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் படம் முழுவதையுமே பபூன் கையில் கொடுத்துவிட்டார்கள். முத்துராமன் கிழவர் வேஷம் போட்டுக்கொண்டு பணக்கார அப்பாவாக வருகிறார். கதையே ஒரு உதார்தான். அதன் நடுவில் செல்லப்பா. அப்பா பணத்தில் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' ஆரம்பித்துப் படம் எடுக்கப் புறப்பட்ட நாகேஷ், பாலையாவை உட்காரவைத்து பேய்க்கதை சொல்வார். எல்லோரும் நாகேஷைச் சொல்வார்கள். நான் பாலையாவைச் சொல்வேன். கதை சொல்கிறவனைவிடக் கேட்கிறவன் முகத்தில்தான் அந்தக் காட்சி நடக்கிறது. வாயைத் திறக்காமல், கண்ணாலும் கன்னத்தாலும் பயத்தை ஏற்றிக்கொண்டே போகிறார். பபூன் பேசப் பேச மிருதங்கக்காரர் முகம் போகிற போக்கைப் பார்த்துத்தான் எங்கள் ஊரிலும் சிரிப்பார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் காமெடி இல்லை என்பது நாடக மேடையில் ஊறியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வருஷமே நாகேஷ் மதுரைக்கு வந்துவிட்டார். 'திருவிளையாடல்' (1965) நடப்பது மதுரையில், பாண்டியன் சபையில், சொக்கநாதர் கோயிலில். எடுத்த ஏ.பி.நாகராஜன் டி.கே.எஸ். சபாவில் வளர்ந்தவர், நக்கீரராக நடித்தவரும் அவரே. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்' இருக்கிறது. அதில் வருகிற தருமி கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கையில் காசில்லாத ஒரு பக்தன். பார்த்தால் இரக்கம் வரும், சிரிப்பு வராது. நாகராஜனும் நாகேஷும் சேர்ந்து அவனைப் பபூனாக்கினார்கள்.

அந்தக் காட்சியில் எத்தனை ராஜபார்ட் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடவுளே ஒரு ராஜபார்ட், அதுவும் சிவாஜி. சிம்மாசனத்தில் பாண்டியன். எதிரே சங்கப் புலவர் நக்கீரர். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று தலைபோகிற விவாதம். 'கொங்குதேர் வாழ்க்கை' என்று தொடங்கும் குறுந்தொகைப் பாட்டு அரங்கேறுகிறது. இத்தனைக்கும் நடுவில் ஒடுங்கிய வயிறோடு ஒருவன், தனியாகப் புலம்புகிறான், சாமியிடமே கேள்வி கேட்டுத் தோற்கிறான், பாட்டில் பிழை இருந்தால் அந்த அளவுக்குப் பரிசைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடக் கூடாதா என்று ராஜசபையில் பேரம் பேசுகிறான். விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்த யாருக்கும் அந்தப் பேரத்தின் ராகம் தெரியும். நெற்றிக்கண் திறந்தது, புலவர் எரிந்தார், எல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் ஐந்து நிமிஷம் வந்துபோன தருமி அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். அதே படத்தில் ஹேமநாத பாகவதராக பாலையா, மீசையும் பரிவாரமுமாக மதுரையை ஜெயிக்க வந்து, ஒரு விறகுவெட்டி பாடுவதைக் கேட்டு ராவோடு ராவாக ஊரைவிட்டு ஓடுவார். ராஜபார்ட்டாக வந்து பபூனாகத் திரும்பிப் போகிறவர். பக்திப் படம் என்று அலமாரியில் வைத்திருக்கிறோம். தமிழின் நல்ல நகைச்சுவைப் படங்கள் இரண்டு அதற்குள் ஒளிந்திருக்கின்றன.

அப்பா அந்தக் காலத்து மதுரை தியேட்டர்களைப் பற்றிச் சொல்வார். தங்கம் தியேட்டர் 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்தது, 2,563 இருக்கை. அத்தனை பேரும் ஒரு வசனத்துக்குச் சிரித்தால் அடுத்த இரண்டு வசனம் காதில் விழாது. விழாமல் போன வசனத்தைக் கேட்கவே இரண்டாம் தடவை போவோம் என்பார். இன்றைக்கு அந்த இடத்தில் ஜவுளிக்கடை.

இன்னொரு ஓடையும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு மதுரைப் பெருமை பேசினால் அது அழுகுணி ஆட்டம். சென்னை சபா நாடகத்திலிருந்து வந்த காமெடி. சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிய வேண்டும். பார்க்கிறவர்கள் ஆபீஸ் போகிறவர்கள். ஆகவே எழுத்து இறுக்கமாக இருக்கும். பம்மலில் தொடங்கி 'காசேதான் கடவுளடா' (1972) கோபு, 'முகமது பின் துக்ளக்' (1971) சோ, 'தில்லு முல்லு' (1981) பாலசந்தர், 'மணல் கயிறு' (1982) விசு என்று வந்து கிரேசி மோகனில் அது உச்சம் தொட்டது. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் ஒரு வசனத்தை எடுத்தால் அடுத்தது சரிந்துவிடும், சீட்டுக்கட்டு வீடு மாதிரி. நான்கு கமல்ஹாசன், மூன்று கோஷ்டி, முடிவில் மலை உச்சியில் ஆடும் ஒரு வீடு. இதில் பபூன் தனியாக இல்லை, குழப்பம்தான் பபூன். ஆனால் இங்கேயும் மதுரைச் சரடு கொஞ்சம் வந்து முடிகிறது. கமலுக்கு நாடகம் கற்றுத்தந்தவர் டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான அவ்வை சண்முகம். 'அவ்வை சண்முகி' (1996) என்ற தலைப்பு அவருக்குச் செய்த வணக்கம். அவ்வையார் வேஷம் கட்டிப் பெயரெடுத்த குருவுக்கு, மாமி வேஷம் கட்டிய சிஷ்யனின் மரியாதை.

கிராமத்துப் பக்கம் திரும்பினால் பாண்டியராஜனின் 'ஆண்பாவம்' (1985). விருதுநகர்க்காரர் வி.கே.ராமசாமி, சிவகங்கைச் சீமையின் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி. நடிப்பு என்றே தெரியாமல் திண்ணையில் பேசுவது போலப் பேசிவிட்டுப் போவார்கள். இந்தப் படத்துக்கு உரிய பேர் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

1989-இல் 'கரகாட்டக்காரன்'. எடுத்த கங்கை அமரன் தேனிப் பக்கம் பண்ணைப்புரத்துக்காரர். செந்தில் முதுகுளத்தூர்ப் பக்கம், கவுண்டமணி உடுமலைப் பக்கம். மதுரையில் ஒரு வருஷத்தையும் தாண்டி ஓடிய படம். ஏன் இங்கே இவ்வளவு ஓடியது என்பதற்குப் பாட்டு ஒரு காரணம், மறுக்கவில்லை. இன்னொரு காரணம், அந்தப் படத்தின் கதையே திருவிழாவுக்கு ஆட வருகிற ஒரு குழுவைப் பற்றியது. வண்டியில் ஊர் ஊராகப் போவது, முன்பணம், எதிர் கோஷ்டி, தவில்காரரின் கோபம் என்று நாங்கள் கண்ணால் பார்த்த உலகம். காமெடிப் பகுதியை எழுதியவர் ஏ.வீரப்பன். கவுண்டமணியும் செந்திலும் சேர்ந்து கொடிகட்டிப் பறந்த காலத்தில் அவர்களுக்குப் பின்னால் இருந்த பேனா அவருடையது.

வாழைப்பழத்தை மறுபடி விளக்க வேண்டியதில்லை. அதன் இயக்கத்தை மட்டும் பார்க்கலாம். பார்வைக்குக் கவுண்டமணி அடிக்கிறவர், செந்தில் அடிபடுகிறவர். உண்மையில் கவுண்டமணி தன்னை ராஜபார்ட்டாக நினைத்துக்கொண்டிருக்கும் ஆள். அதிகாரம், அதட்டல், எல்லாம் தெரிந்த தோரணை. செந்தில் அப்பாவி முகத்தோடு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் காரை முன்னால் வைத்திருந்த சொப்பன சுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்பது போல ஒரு கேள்வி. கேள்வியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது விழுந்ததும் தோரணை முழுவதும் சரிந்துவிடுகிறது. அடி விழுவது கேள்விக்குப் பதில் இல்லாததால். 'சபாபதி'யில் ரத்தினம் செய்ததும் இதுதான்.

தொண்ணூறுகளில் இரண்டு பேர். விவேக் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். அதே கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த சாலமன் பாப்பையா பட்டிமன்றத்தில் ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். பிறகு 'சிவாஜி' (2007) படத்தில் பக்கத்து வீட்டு அப்பாவாக வந்து திரையிலும் சிரிக்கவைத்தார். வாதம் பண்ணிச் சிரிக்கவைப்பது மதுரையின் இன்னொரு கை. விவேக்கின் காமெடியில் அந்தக் கை இருந்தது. மூட நம்பிக்கைகளை அவர் கேலி செய்ததால், கலைவாணர் என்.எஸ்.கே.யை நினைத்து, 'சின்னக் கலைவாணர்' என்றார்கள். சில சமயம் வாதம் ஜெயித்து, சிரிப்பு ஒரு படி பின்னால் வந்தது என்பது என் எண்ணம்.

வடிவேலு வாதம் எதுவும் பண்ணவில்லை. மதுரையில் பிறந்து, ராஜ்கிரண் கைப்பிடித்து 'என் ராசாவின் மனசிலே' (1991) மூலம் வெளிச்சத்துக்கு வந்தவர். தன்னோடு கொண்டுபோனது இந்த ஊர்ப் பேச்சு. அங்கிட்டு, இங்கிட்டு. வந்தாய்ங்க, போனாய்ங்க. 'ஆய்ங்க' என்ற அந்த விகுதி அதுவரை வைகைக்கரை தாண்டினால் கேலிக்கு ஆளாகும். நான் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதற்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். வடிவேலு வந்த பிறகு அங்கேயும் 'கிளம்பிட்டாய்ங்க' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் செய்த மாற்றம் என்னவென்றால், கவுண்டமணி செந்தில் இரண்டு பேரையும் ஒரே உடம்புக்குள் அடைத்தது. சவடால் விடுகிறவரும் அவரே, அடிபடுகிறவரும் அவரே. 'வின்னர்' கைப்புள்ள, 'தலைநகரம்' (2006) நாய் சேகர், எல்லாருமே காட்சியின் முதல் பாதியில் ராஜபார்ட், இரண்டாம் பாதியில் பபூன். மதுரையில் இதற்கு 'அலப்பறை' என்று சொல்வோம், 'சலம்பல்' என்றும் சொல்வோம். டீக்கடை பெஞ்சில் ஒருத்தன் யாரை எப்படி மடக்கினேன் என்று சொல்லிக்கொண்டிருப்பான். மடக்கப்பட்ட ஆள் பின்னால் வந்து நிற்பது அவனுக்குத் தெரியாது. கேட்கிற நமக்குத் தெரியும்.

அந்தப் பத்து வருஷத்தில் சினிமா மதுரையை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'கில்லி' (2004) முத்துப்பாண்டி, 'காதல்' (2004), 'பருத்திவீரன்' (2007), 'சுப்பிரமணியபுரம்' (2008). மதுரை என்றாலே அரிவாள், மீசை, டாடா சுமோ. வெளியூரில் வாடகைக்கு வீடு கேட்டால் மதுரையா என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். சில படங்கள் நல்ல படங்களும்கூட. அதே வருஷங்களில் அதே பேச்சு பேசிக்கொண்டு ஒருத்தர் சந்துக்குச் சந்து உதை வாங்கிக்கொண்டிருந்தார். அரிவாள் மதுரை ராஜபார்ட் கட்டக் கட்ட, வடிவேலு மதுரை அவிழ்த்துக்கொண்டே வந்தது. இரண்டும் ஒரே ஊர். வீரம் பேசுகிற இடத்தில்தானே உதாரும் விளையும்.

தனியாக ஒட்டப்பட்ட காமெடிக்கு ஒரு வசதி உண்டு. தனியாகவே பிய்த்து எடுக்கலாம். டிவியில் காமெடிக்கென்றே சேனல்கள் வந்தபோது படத்திலிருந்து காட்சிகளை வெட்டுவது அவர்களுக்குச் சிரமமாக இருக்கவில்லை. வெட்டும் கோடு ஏற்கெனவே போட்டுவைத்திருந்தது. அப்புறம் மீம்ஸ். காட்சியிலிருந்து ஒரு முகத்தை மட்டும் பிய்த்தார்கள். 2019 மே மாதம் ஒரு சிவில் என்ஜினீயரிங் ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்க, நம்மாள் ஒருத்தர், 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் அது விழுந்த கதையைச் சொல்ல, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி உலக அளவில் டிரெண்டாகிவிட்டது. 'ஃப்ரெண்ட்ஸ்' படம் வந்தது 2001-இல். அதில் கதாநாயகர்கள் பட்ட துன்பத்துக்கு யாரும் பிரார்த்தித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் பபூன் கதைக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தால் சலித்துப்போகும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தவற்றில் எனக்குப் பிடித்தவை, அந்த அவிழ்க்கும் வேலையையே கதையாக வைத்துக்கொண்ட படங்கள். 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) அப்படி ஒன்று. சிம்புதேவன் ராஜபார்ட்டின் கிரீடத்தை எடுத்துப் பபூன் தலையிலேயே வைத்துவிட்டார். மன்னராக ஒரு வடிவேலு, புரட்சிக்காரராக இன்னொரு வடிவேலு. நாடக மேடையில் பபூன் எட்டிப் பார்த்துக் கேலி செய்த சிம்மாசனத்தில் அவரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். புரட்சிக்கார வடிவேலு வீரம் பேசும் இடங்கள் கொஞ்சம் தொய்யும். கொடுங்கோலன் வந்தவுடன் படம் எழுந்து உட்காரும்.

அதற்கு நேர் எதிர்த்திசை 'ஜிகர்தண்டா' (2014). எடுத்த கார்த்திக் சுப்புராஜ் மதுரைக்காரர். உண்மையான ரவுடியைப் பக்கத்திலிருந்து பார்த்துப் படம் எடுக்க ஒரு இளைஞன் மதுரைக்கு வருகிறான். அசால்ட் சேது என்ற அந்த ரவுடி, பாபி சிம்ஹா, தானே கதாநாயகனாக நடிப்பேன் என்கிறான். அரிவாள் மதுரையின் உச்சகட்ட ராஜபார்ட். படம் எடுத்து முடித்துத் திரையில் போட்டால் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அவனை வைத்து எடுத்தது காமெடிப் படம் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிகிறது. கொலைகாரனைக் கொல்ல வேண்டியதில்லை, சிரித்துவிட்டால் போதும் என்று ஒரு படம் பண்ணத் துணிய, அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பாபி சிம்ஹாவுக்கு அதில் தேசிய விருது கிடைத்தது.

உசிலம்பட்டிப் பக்கத்து மணிகண்டனின் 'ஆண்டவன் கட்டளை' (2016) சத்தம் போடாத காமெடி. பாஸ்போர்ட்டில் இல்லாத பெண்டாட்டி பெயரை எழுதிக்கொண்டு, அதை அழிக்க ஒருத்தன் படும் பாடு. பபூனும் இல்லை, ராஜபார்ட்டும் இல்லை. அரசாங்கக் காகிதம்தான் ராஜபார்ட். மதுரைக்குப் பக்கத்தில் ராஜாக்கூரிலிருந்து வந்து 'வெண்ணிலா கபடிக் குழு'வில் (2009) பரோட்டா சாப்பிட்டுப் பேர் வாங்கிய சூரி, 'விடுதலை'யில் (2023) சிரிக்காத கதாநாயகனானார். அதே வருஷம் 'மாமன்ன'னில் வடிவேலுவும் சிரிக்காமல் நின்றார். இத்தனை வருஷம் அடிபட்டுச் சிரிக்கவைத்த முகம் என்பதால் அந்தப் படத்தில் அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கிறது.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். வள்ளி திருமணம்தான். பபூன் ஐம்பது வயதுக்காரர். தலைக்கு அடித்த சாயம் காதில் வழிந்திருந்தது. வந்ததும் சங்கரதாஸ் சுவாமிகளுக்கு வணக்கம் சொன்னார், ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம் சொன்னார், அடுத்த நிமிஷம் குரலை மாற்றிக் கைப்புள்ளயாகிவிட்டார். முன்வரிசைப் பிள்ளைகள் வசனத்தை அவருக்கு முன்னாலேயே சொன்னார்கள். மிருதங்கக்காரர், "என்னண்ணே, வடிவேலு வசனத்த எடுத்துப் பேசுறீங்க?" என்று இழுத்தார். பபூன் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்.

"ஏப்பா, அது அவுக அப்பன் வீட்டுச் சொத்தா? எங்க அண்ணன்மாரு கிட்ட இருந்து கொண்டுபோனதத்தான திருப்பிக் கேக்குறேன்."

டான்ஸ் பெண் வந்தார், பாட்டு நடந்தது. முருகன் வந்தபோது மணி ஒன்றரை. நான் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.